மேம்பாடா, உருவாக்கமா? ‘ஆர் அண்ட் டி’க்குத் தமிழ்ச் சொல்

‘ராணுவ விமானத் தொழில்நுட்பத்திற்கான சிறு வணிக ஆராய்ச்சி மற்றும் மேம்பாடு.’ இந்த மாதிரி வரிகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. எட்டுச் சொல்லில் மூன்று பழுது. ‘மற்றும்’, ‘வணிகம்’ இரண்டையும் கடைசியில் பார்ப்போம். பெரிய குற்றவாளி ‘மேம்பாடு’: ‘ஆர் அண்ட் டி’, அதாவது ‘ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்’ என்பதில் ‘டெவலப்மென்ட்’டுக்கு வைத்த சொல்.

முதலில் சொற்பிறப்பு. ‘ரிசர்ச்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஊன்றித் தேடுவது என்று பொருள். ‘டெவலப்’பும் அங்கிருந்து வந்ததுதான். சுற்றிக் கட்டியதைப் பிரிப்பது, மடிப்பை விரிப்பது என்பது அதன் மூலப்பொருள். கடித உறையைக் குறிக்கும் ‘என்வலப்’ அதே வேரிலிருந்து எதிர்த்திசையில் கிளைத்தது. ‘ஆராய்ச்சி’க்குள் இருக்கும் ‘ஆய்தல்’ நமக்குத் தொல்காப்பியக் காலத்துச் சொல். அதில் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் ‘டெவலப்மென்ட்’டில்தான். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் பல வேலை பார்க்கிறது. குழந்தையின் வளர்ச்சியும் டெவலப்மென்ட், ஊரக மேம்பாடும் டெவலப்மென்ட், புது விமான எஞ்சினை வடிவமைத்து, செய்து, சோதித்து முடிப்பதும் டெவலப்மென்ட். நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஊரக மேம்பாட்டுக்கு எடுத்த சொல்லையே எஞ்சினுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு வரையறுத்த பொருள் உண்டு. 1963இல் இத்தாலியின் ஃப்ரஸ்காட்டியில் கூடிய வல்லுநர்கள் வகுத்த கையேட்டைத்தான் உலக நாடுகள் ஆராய்ச்சிச் செலவைக் கணக்கிட இன்றும் பின்பற்றுகின்றன. அடிப்படை ஆராய்ச்சி, பயன்பாட்டு ஆராய்ச்சி, சோதனை முறையிலான டெவலப்மென்ட் என்று அது மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றாவதன் பொருள், இருக்கும் அறிவைக் கொண்டு புதிய பொருளையோ செய்முறையையோ உண்டாக்குவது, அல்லது இருப்பதைச் சீர்ப்படுத்துவது. ‘உண்டாக்குவது’ முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதை எண் போட்டே பிரித்திருக்கிறது. 6.1 அடிப்படை ஆராய்ச்சி, 6.2 பயன்பாட்டு ஆராய்ச்சி. 6.3இல்தான் டெவலப்மென்ட் என்ற சொல்லே தலைகாட்டுகிறது. 6.4இல் பாகங்களும் முன்மாதிரிகளும், 6.5இல் முழு அமைப்பும் உருவாகின்றன. ஏற்கெனவே படையில் பறந்துகொண்டிருக்கும் விமானத்தைச் சீர்ப்படுத்தும் வேலை 6.7. நம் ‘மேம்பாடு’ சரியாகப் பொருந்தும் இடம் அந்த 6.7 ஒன்றுதான். அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் தலைப்பாக வைத்தால், பழைய போர் விமானத்துக்குப் புது ரேடார் பொருத்துவதற்கும் அந்த ரேடாரையே முதன்முதலாகச் செய்வதற்கும் தமிழில் வேறுபாடு இல்லாமல் போகிறது. ‘அப்கிரேடு’க்கு என்ன சொல்லப் போகிறார்கள்? அதற்கும் ‘மேம்பாடு’ என்றே எழுதுகிறார்கள். வாசகர் என்ன புரிந்துகொள்வார்?

ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்வோம். ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸில் பற்சக்கரமும் பேரிங்கும் தேயும்போது உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் ஓடும் பாதையில் காந்தம் வைத்த அடைப்பான் ஒன்று இருக்கும். துகள்கள் அதில் ஒட்டி, இரண்டு மின்முனைகளுக்கு இடையே பாலம் போட்டால் சுற்று மூடும். விமானிக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் காந்தத்தில் ஒட்டாத உலோகத் துகள் இதில் சிக்காது. ஓடுகிற எண்ணெயிலேயே எல்லாத் துகளையும் எண்ணும் ஓர் உணரியைச் செய்ய ஒரு சிறு நிறுவனம் முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 1982இல் சட்டமான சிறு நிறுவனப் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டத்தின்படி இது மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில், இது முடிகிற காரியமா என்று காட்ட வேண்டும்: சோதனை மேசையில் எண்ணெயை ஓடவிட்டு, எவ்வளவு சிறிய துகள்வரை பிடிபடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் முன்மாதிரியைச் செய்து, கியர்பாக்ஸின் சூட்டிலும் அதிர்விலும் தாங்குகிறதா என்று சோதிப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் அதை விமானத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு இந்தத் திட்டத்தின் பணம் கிடையாது, படையின் வேறு நிதியோ தனியார் முதலீடோதான். இதில் மேம்பாடு எங்கே நடந்தது? உணரி முன்பு இல்லை, இப்போது இருக்கிறது. அதற்குப் பெயர் உருவாக்கம்.

பழைய அடைப்பானைவிட இது மேலானதுதானே, அப்படியானால் மேம்பாடு என்பதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேம்பாடு ஹெலிகாப்டருக்குக் கிடைத்த பலன். அந்த நிறுவனம் செய்த வேலை வேறு. வேலைக்குப் பெயர் வைக்கும் இடத்தில் பலனின் பெயரை வைத்தால், யார் என்ன செய்தார்கள் என்பதே மறைந்துபோகும்.

இலக்கணமும் என் பக்கம்தான். ‘வளர்ச்சி’ தன்வினையிலிருந்து பிறந்தது. தானாக வளர்வதைச் சொல்லும். ‘ஆராய்ச்சி, வளர்ச்சி’ என்று எழுதுபவர்களைப் படித்தால் ஆராய்ச்சி வளர்ந்ததாகத்தான் தோன்றுகிறது. ‘மேம்பாடு’ மேம்படுவது, அதிலும் செய்பவர் இல்லை. ‘உருவாக்கு’ பிறவினை, அதற்குச் செய்பவர் வேண்டும், செய்யப்படும் பொருளும் வேண்டும். பொறியாளர் செய்யும் வேலைக்கு இந்த அமைப்புதான் பொருந்தும். இலங்கையில் வழங்கும் ‘அபிவிருத்தி’க்கும் வளர்ச்சியின் குறையே உண்டு. அது வடமொழிச் சொல் என்பது எனக்கு இரண்டாவது காரணம்தான். பொருள் பொருந்தியிருந்தால் அதை இவ்வளவு கடுமையாக எதிர்க்க மாட்டேன்.

‘ஆய்வும் ஆக்கமும்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஓசை இனிமையாக இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘ஆய்வு’ என்றால் இன்று அதிகாரி வந்து பார்வையிடுவதும் ஆய்வு. ‘ஆக்கம்’ பழந்தமிழில் செல்வம், இன்று கதை, கவிதை எழுதுபவரின் படைப்பு. இரண்டும் நல்ல சொற்கள், இந்த வேலைக்கு மங்கலானவை. ஆகவே ‘ஆராய்ச்சியும் உருவாக்கமும்’ என்பதே என் தேர்வு. பெயரடையாக வரும்போது ‘ஆராய்ச்சி-உருவாக்கத் திட்டம்’ என்று சேர்த்து எழுதலாம். ‘வேலைவாய்ப்பு உருவாக்கம்’ என்றும் எழுதுகிறோமே, குழப்பம் வராதா என்றால், வராது. முன்னால் நிற்கும் சொல்லே பொருளைப் பிரித்துக் காட்டிவிடும்.

அப்புறம் அந்த ‘மற்றும்’. இரண்டு பெயர்களை இணைக்கத் தமிழுக்கு ‘உம்’ இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆங்கிலத்தின் ‘அண்ட்’ நிற்கும் இடத்திலெல்லாம் ‘மற்றும்’ போடுவது, வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றுபவர்களின் பழக்கம். ‘சிறு வணிகம்’ வந்ததும் இப்படித்தான். ‘பிசினஸ்’ என்றதும் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டார்கள். வணிகம் என்றால் வாங்கி விற்பது. ‘சிறு வணிக ஆராய்ச்சி’ என்று படிப்பவர் கடை வியாபாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்றே நினைப்பார். அந்த அமெரிக்கத் திட்டத்தில் 500 பேர்வரை வேலை செய்யும் நிறுவனமும் ‘சிறு’ கணக்கில்தான் வரும். அங்கே காற்றியக்கப் பொறியாளர்கள் இருப்பார்கள், உலோகவியலாளர்கள் இருப்பார்கள், கல்லாப்பெட்டி இருக்காது. ‘சிறு நிறுவனம்’ என்று எழுதினால் போதும்.

முதலில் காட்டிய வரியைத் திருத்தினால் இப்படி வரும்: ‘ராணுவ விமானத் தொழில்நுட்பத்தில் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சியும் உருவாக்கமும்’. பக்கத்திலேயே 6.7 வகை வேலையைப் பற்றிய வரி வந்தால் அங்கே ‘மேம்பாடு’ என்று தாராளமாக எழுதலாம்.