படத்தின் முதுகைப் பாருங்கள்

மட்டக்களப்பில் என் கடைக்கு வருபவற்றில் பாதி சாமிப் படங்கள். மீதி கலியாணப் படமும் பட்டமளிப்புப் படமும். இருபத்தைந்து வருடமாக பிரேம் போடுகிறேன். கண்காட்சிகளுக்குப் படம் மாட்டிக்கொடுக்கும் வேலை இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் இங்கே படம் வரைகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. மட்டம் பார்த்து ஆணி அடிக்கத்தான் ஆள் இல்லை. கண்காட்சிக்குப் போகும் படத்தை எப்படிச் சுற்றுவது, எதை எழுதி வைப்பது என்று அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

போன வருடம் மாசியில் நகருக்குள் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. அரூப ஓவியம், அதாவது ஆள், மரம் என்று உருவம் தெரியாத படம், வரைகிற நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவருடைய பன்னிரண்டு கன்வஸ், கூடவே கொழும்பில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் தன் வீட்டிலிருந்து கொடுத்த ஒன்பது படங்கள். அவை பழையவை, அனேகமாகக் கடதாசியில் மையாலும் நீர்வர்ணத்தாலும் வரைந்தவை.

சேகரிப்பாளரின் படங்கள் பலகைப் பெட்டியில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், இலக்கத்துக்கு ஒரு தாள், தாளில் படத்தின் புகைப்படம். புகைப்படத்தின் மேல் சிவப்புப் பேனையால் சின்னச் சின்ன வட்டங்கள்: ‘இடது மேல் மூலை, 4 மில்லிமீற்றர் கீறல், பழையது’. கொண்டுவந்த தம்பி ரோச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

ஓவியரின் படங்கள் ஆட்டோவில் வந்தன. இரண்டு மடியில், மற்றவை பின் சீற்றில். எல்லாவற்றையும் பபிள் ரப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, காசு கொடுத்து வாங்கி அக்கறையாகத்தான் சுற்றியிருக்கிறார். ஆனால் குமிழ் உள்ள பக்கம் வர்ணத்தின் மேல் இருந்தது. மத்தியான வெயிலில் ஆட்டோ அரை மணித்தியாலம் நின்றிருக்கிறது.

பிளாஸ்டிக்கை உரித்தால், கருநீலப் பரப்பு முழுக்க ஐந்து சதக் குற்றி அளவில் வட்டம் வட்டமாகத் தடம். நேரே பார்த்தால் தெரியாது. சாய்ந்து பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி.

“அங்கிள், துணியால துடைச்சாப் போகுமா?”

“தொடாத மகள். தேய்ச்சா அந்த இடம் இன்னும் மினுங்கும்.”

பிள்ளை வரைந்தது அக்ரிலிக் வர்ணத்தில். அக்ரிலிக் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு மணித்தியாலம் போதும், அதனால் படம் தயார் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அது எந்தக் காலத்திலும் கல்லாக இறுகுவதில்லை. குளிர் நாட்டில் ஓரளவு விறைப்பாக நிற்கும். நம் ஊரின் 30 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் மெதுமெதுப்பாகிவிடும். அந்த நேரம் எது அழுத்தினாலும் அச்சு விழும், தூசு பட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு கன்வஸை முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டினால், பிரிக்கும்போது ஒன்றின் தோல் மற்றதோடு போய்விடும். இதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வர்ணத்தின் மேல் பபிள் ரப் நேரடியாகப் படவே கூடாது. கேக் சுடுபவர்கள் தட்டில் விரிக்கும் சிலிக்கன் பூசிய பேக்கிங் தாள் கடையில் கிடைக்கும். முதலில் அதை இறுக்காமல் சுற்றுங்கள். அதன் மேல் பபிள் ரப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. இன்னும் நல்லது, நாலு மூலைக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) துண்டு வெட்டிச் செருகி, முகத்தில் எதுவுமே படாமல் கொண்டுவருவது. எண்ணெய் வர்ணமென்றால் வேறு கதை. தடிப்பாகப் பூசியது உள்ளே காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை எடுக்கும். போன கிழமை முடித்த படத்துக்கு வார்னிஷ் அடித்துத் தரச் சொல்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

(அந்தக் கருநீலப் படத்தை அப்படியே மாட்டினோம். பார்க்க வந்த ஒரு வாத்தியார், வாவியில் மழை விழுகிற மாதிரி வட்டம் போட்டிருக்கிறீர்கள், பிரமாதம் என்றார். பிள்ளை என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தடம் ஆட்டோவில் வந்ததா, மண்டபத்தில் வந்ததா, நான் மாட்டும்போது வந்ததா? எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் ஒரு தாளிலும் இல்லை. பக்கத்துச் சுவரில் ஒன்பது படங்களுக்கு நாலு மில்லிமீற்றர் கீறலுக்கும் கணக்கு இருக்கிறது, இந்தப் பன்னிரண்டுக்கும் ஒன்றுமே இல்லை. கண்காட்சி முடிந்து ஒன்று கிழிந்து வந்திருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் என்ன காட்டிக் கேட்பார்?

இதைப் பார்த்தபிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யாருடைய படமென்றாலும், வாங்கும்போது நிலைப் பதிவு எழுதாமல் கை வைப்பதில்லை. பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஃபோனால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நாலு மூலையும் கிட்டப் பிடித்து நாலு. பிறகு அறையை இருட்டாக்கி, ரோச்சைப் படத்தின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்து இன்னொன்று. மேடு, பள்ளம், வெடிப்பு, தொய்வு எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெளியே வரும். இருக்கிற குறையை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்து வைத்து, ஆளுக்கொரு பிரதி. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம். கண்காட்சி முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது அதே தாளை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கடைசி நாள் களைப்பில்.

அடுத்தது முதுகு. கொழும்பிலிருந்து வந்த ஒன்பதையும் திருப்பிப் பார்த்தேன். பெயர், வருடம், எதனால் வரைந்தது, அளவு, இதற்கு முன் எங்கே தொங்கியது என்று லேபலுக்கு மேல் லேபல். நம்ம பிள்ளையின் படங்களின் முதுகு, குளிப்பாட்டி விட்ட குழந்தையின் முதுகு மாதிரி வெறுமை. விளைவு என்னவென்றால், ஒரு படத்தை நான் தலைகீழாக மாட்டிவிட்டேன். மாலையில் அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தானே கழற்றித் திருப்பினார். எனக்குத்தான் வெட்கம்.

எனக்கு ஆறுதல், பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது என்பதுதான். 1961 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. பார்க்க வந்த ஒரு பெண் சொல்லித்தான் திருப்பினார்கள். டச்சு ஓவியர் மொன்றியான் 1941 இல் நிற நாடாக்களை ஒட்டிச் செய்த ‘நியூயோர்க் நகரம் 1’ பல பத்து வருடங்களாகத் தலைகீழாகவே காட்டப்பட்டு வந்ததாக 2022 இல் ஜேர்மனியின் டியுசல்டோர்வ் அருங்காட்சியகத்தில் கண்டுபிடித்தார்கள். ஓவியர் இறந்த சில நாட்களில் அவருடைய வேலை அறையில் எடுத்த புகைப்படத்தில் அது மற்றப் பக்கமாக நின்றது. இப்போது திருப்பினால் நாடாக்கள் கழன்று விழுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் மொன்றியானின் கையெழுத்து இல்லை.

ஆகவே பின் சட்டப் பலகையில், கன்வஸில் அல்ல, பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை ஊறி முன்னால் வரும். பெயர், தலைப்பு, வருடம், அளவு, அப்புறம் மேலே பார்த்து ஒரு அம்புக்குறி. அரூப ஓவியருக்கு அந்த அம்புக்குறிதான் முக்கியம். தலைப்பு வைக்க விருப்பமில்லை என்றால் ஒரு இலக்கமாவது போடுங்கள். பன்னிரண்டு படத்துக்கும் ‘தலைப்பிடப்படாதது’ என்று எழுதினால் எது விற்றது, எது கிழிந்தது என்று யார் சொல்வது?

சேகரிப்பாளர்கள் என்றால் உடனே சந்தேகப்படும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1943 இல் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சுற்றிச் சேர்ந்த 43 குழு என்ற ஓவியர் கூட்டத்தை எடுங்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, பின்னாளில் முழு அரூபத்துக்குப் போன ஜோர்ஜ் கிளாசன். அவர்களில் ஒருவரான ஹரி பீரிஸ் நண்பர்களின் படங்களைத் தன் பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் சேர்த்து வைத்தார். அந்த வீடுதான் இன்று சப்புமல் மன்றம் என்ற ஓவியக் காட்சியகம். வீட்டில் சேர்த்து வைத்த ஆட்கள் இருந்ததால்தான் நாம் இன்று அவற்றைப் பார்க்கிறோம். நம் பக்கத்தில் அப்படி மிஞ்சியது குறைவு. 1978 சூறாவளி கூரையைக் கொண்டுபோனது, 2004 சுனாமி வீட்டையே கொண்டுபோனது, நடுவில் யுத்தம். சுனாமிக்குப் பிறகு நனைந்த கலியாணப் படங்களோடு என் கடைக்கு வந்தவர்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கும். அந்தப் படங்களை உலர்த்தி எடுக்கப் பழகித்தான் கடதாசியைப் பற்றி நான் கொஞ்சமாவது தெரிந்துகொண்டேன்.

எனவே சேகரிப்பாளரோடு சேர்ந்து காட்சிக்கு வையுங்கள், கட்டாயம் வையுங்கள். பழைய பெயர்களுக்குப் பக்கத்தில் தொங்குவது இளம் ஓவியருக்கு மரியாதை. சேகரிப்பாளருக்கும் அதில் லாபம் உண்டு, வெளியில் காட்டப்பட்ட படத்துக்கு மதிப்புக் கூடும். இரண்டு பக்கமும் லாபம் இருப்பதால் எழுத்தில் வைப்பதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. படம் எத்தனை நாள் இருக்கும், போக்குவரத்துச் செலவு யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் எவ்வளவு கழிப்பார்கள். இன்னொரு இடத்தில், சுவரில் இடம் தந்ததற்குப் பதிலாக ஒரு படத்தை சேகரிப்புக்கு அன்பளிப்பாகத் தரச் சொல்லிக் கடைசி நாளில் கேட்டார்கள். கொடுப்பதும் விடுவதும் ஓவியரின் விருப்பம். ஆனால் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

விற்றாலும் ஒன்று கையில் இருக்கும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் நிற்கும். வாங்கியவருக்குக் கன்வஸ் சொந்தம். அதை நாட்காட்டியிலோ சாரிக் கரையிலோ அச்சடிக்கும் உரிமை, நீங்கள் எழுத்தில் கொடுக்காதவரை, உங்களுடையது. படம் கைவிட்டுப் போகமுன் நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தால்தான் அந்த உரிமையால் பிரயோசனம்.

கடைசியாக நம்ம ஊர்க் காற்று. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பிரேமின் மரம் வற்றி மூலைப் பொருத்து வாய் பிளக்கும். மாரி தொடங்கினால் அதே மரம் ஊதும், கன்வஸ் தொய்யும். ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். வாவிக் கரை வீடுகளில் அது தாண்டாத மாரி உண்டா? படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக வேண்டும். தக்கையை அரை அங்குல வில்லையாக வெட்டி பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒட்டினால் போதும். கடதாசிப் படம் கண்ணாடியில் நேரடியாகப் படக்கூடாது, நடுவில் மவுண்ட், அதாவது தடித்த அட்டைச் சட்டம், வேண்டும். பழைய வீடுகளில் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். பின்னால் ஹார்ட்போட்டும் பழைய பேப்பரும் வைத்து அடைக்கும் வழக்கத்தை நானும் பல வருடம் செய்தேன். அதிலிருக்கும் அமிலம் கடதாசியைத் தேத்தண்ணி நிறமாக்கும். இப்போது விட்டுவிட்டேன்.

கன்வஸ்களை நிலத்தில் வைத்துச் சுவரில் சாய்த்திருப்பவர்கள், ஐப்பசி மழைக்கு முன் அடியில் இரண்டு பலகைத் துண்டு கொடுத்து உயர்த்திவிடுங்கள். நாலு அங்குலம் போதும். அப்படியே திருப்பி, முதுகில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பென்சில் இல்லாவிட்டால் கடைக்கு வாங்க, தருகிறேன்.