வாடை தூக்கினால்தான் மருந்தா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க என்று, இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, என்னைக் கூப்பிட்டார்கள். இஸ்தோப்பில், அதான் முன் திண்ணையில், கால் வைக்கும்போதே மண்ணெண்ணெய் மாதிரி வாடை. "லீக்ஸுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு தம்பி, அதையே மெத்தையில அடிச்சோம்" என்றார் அந்த அக்கா. அடித்த அன்று இரவு, குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் அதே மெத்தையில் படுக்க வைத்திருக்கிறார்கள். விடியுமுன் இரண்டுக்கும் வாந்தி, மூன்று நாள் ஆஸ்பத்திரி. மூட்டைப்பூச்சி மட்டும் சுவர் வெடிப்புக்குள் சுகமாக இருந்தது.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வாடை தூக்கினாத்தானே மருந்து வேலை செய்யும்?"

இல்லை. சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றுகிறது. மருந்தின் பெயருக்குப் பின்னால் ஈ.சி. (EC) என்று இருந்தால், பூச்சியைக் கொல்லும் பொருளை பெட்ரோலிய எண்ணெய் மாதிரி ஒன்றில் கரைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுப்பது அதனால்தான். உங்கள் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அந்த எண்ணெய். பூச்சிக்கு அதனால் ஒன்றும் இல்லை, உங்கள் பிள்ளைக்குத்தான். அதே விஷத்தை டபிள்யூ.பி. (WP) என்று தண்ணீரில் கலக்கும் தூளாகவோ, எஸ்.சி. (SC) என்று குழம்பாகவோ செய்தால் வாடை அவ்வளவாக இருக்காது. ஆனால் சிமெந்துச் சுவரில் அவைதான் நின்று பேசும். ஈ.சி.யைச் சுவர் குடித்துவிடும். தூளின் துகள் மேலேயே தங்கி, நடக்கிற பூச்சியின் காலில் ஒட்டும். வாடை வரவில்லை என்று எனக்குக் காசைக் குறைத்தவர்களும் உண்டு, அது வேறு கதை.

எண்ணெயில் கரைந்த விஷம் தோல் வழியாகவும் சுலபமாக உள்ளே போகும். விறகடுப்பு எரிகிற காம்பரா அறையில் தீப்பிடிக்கவும் செய்யும்.

தூளும் சாது இல்லை. கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், கையை விட்டுக் கலக்காதீர்கள். எஸ்.சி. போத்தலை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே கிடக்கும். கரப்பானுக்கு ஜெல் வைத்துவிட்டு அதன் மேலேயே ஸ்பிரே அடிக்கிற கெட்டிக்காரர்களே, கரப்பான் அப்புறம் அந்த ஜெல்லைத் தின்னவே வராது.

மரக்கறிக்கு வாங்கிய மருந்து வீட்டுக்குள் வரவே கூடாது. எதற்கு, எவ்வளவு என்று லேபிளில் தமிழிலும் போட்டிருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். மூடியால் அளக்காதீர்கள். வேறு போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். கலக்காத மருந்து சிலது பார்க்க பிளேன்டீ மாதிரியே இருக்கும்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மேலில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றி சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 1990 ஆம்புலன்ஸுக்கு போன் அடியுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

அந்த அக்காவிடமும் ஆஸ்பத்திரியில் முதலில் போத்தலைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்டு போனது ஒரு சோடா போத்தல்.