எட்சிங்: தமிழில் மின்னரிப்பு

கத்தி செய்கிறவர்கள், கத்தி சேர்க்கிறவர்கள் எல்லாருமே அன்றாடம் புழங்கும் சொல் எட்சிங். கத்தி அலகில், பிடிக்குப் பக்கத்தில், செய்தவரின் பெயரோ முத்திரையோ கறுப்பாகப் பதிந்திருக்குமே, அதைத்தான் சொல்கிறார்கள். அதை வீட்டிலேயே உப்புத் தண்ணீரும் 12 வோல்ட் அடாப்டரும் வைத்துப் பதிக்கிற கருவி எலெக்ட்ரோகெமிக்கல் எட்சர். தமிழில் எழுத உட்கார்ந்தால் செதுக்கல், பொறிப்பு, வெட்டு, அச்சு என்று ஆளுக்கொரு சொல் வருகிறது. எனக்குச் சரியாகப் படுவது மின்னரிப்பு, கருவிக்கு மின்னரிப்பான்.

முதலில் எட்ச் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆங்கிலம் இதை 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியின் எட்சன் என்ற வினையிலிருந்து எடுத்தது, டச்சுக்காரர்கள் ஜெர்மனின் எட்ஸனிலிருந்து எடுத்தார்கள். ஜெர்மனில் எஸ்ஸன் என்றால் சாப்பிடுவது, எட்ஸன் அதன் பிறவினை, அதாவது சாப்பிட வைப்பது. பறவை குஞ்சுக்கு இரை ஊட்டுவதற்கு அட்ஸன் என்று இதே வேரில் இன்னொரு சொல்லும் அந்த மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஈட், லத்தீனின் எடெரெ, சமஸ்கிருதத்தில் உண்பதைக் குறிக்கும் அத் என்ற வேர் எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஆக, எட்சிங் என்ற சொல்லுக்குள் உளியும் இல்லை, வெட்டும் இல்லை. அமிலத்துக்கு உலோகத்தைத் தின்னக் கொடுப்பதுதான் அதன் மூலப்பொருள். தமிழில் தின் என்பதன் பிறவினை தீற்று. ஈழத்தில் பிள்ளைக்குச் சோறு தீத்துவது என்று இன்றும் பேச்சில் சொல்கிறார்களே, அதே சொல்தான்.

இந்தத் தொழில் தாளில் அச்சிடும் கலையாகப் பிறகு புகழ் பெற்றாலும் தொடங்கியது இரும்பில்தான். ஐரோப்பாவில் கவசங்களிலும் வாள்களிலும் அலங்காரம் போட மெழுகு பூசி, வேண்டிய இடத்தில் மட்டும் கீறி, அமிலக் கலவையை ஊற்றி அரிக்க விடுவார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கவசங்களுக்கு இப்படி அலங்காரம் போட்ட டேனியல் ஹோப்ஃபர்தான் 1500ஐ ஒட்டிய காலத்தில் அதே முறையை இரும்புத் தகட்டில் செய்து, மை தடவித் தாளில் அச்செடுத்த முன்னோடி. ஜெர்மன் ஓவியர் ட்யூரரும் 1515க்கும் 1518க்கும் இடையில் இரும்புத் தகடுகளில்தான் செய்து பார்த்தார். செப்புத் தகடு பரவலானது அப்புறம்.

சரி, தமிழுக்கு வருவோம். செதுக்கல் என்றால் உளியோ கூரான முனையோ பொருளை நேரடியாக எடுக்க வேண்டும், இங்கே எந்த முனையும் உலோகத்தை எடுப்பதில்லை. வெட்டு என்பது பாத்திரக்கடைச் சொல். எவர்சில்வர் குடத்தில் சீர் கொடுப்பவர் பேர் வெட்டித் தருகிறார்களே, அது அதிரும் ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்துகிற வேலை, அதற்கு அந்தச் சொல் அருமையாகப் பொருந்துகிறது, அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். பொறித்தல் பழைய, அழகான சொல், இமயத்தில் வில் பொறித்தான் சேரன் என்று நாம் படித்ததுதான். ஆனால் அது விளைவை மட்டும் சொல்கிறது, எப்படிப் பொறித்தது என்பதைச் சொல்வதில்லை. கல்லில் உளியால் கொத்தினாலும் லேசரால் சுட்டாலும் அதுவும் பொறித்தல்தான்.

அரித்தல் அப்படியில்லை. கரையான் அரிக்கிறது, துரு அரிக்கிறது, கடல் கரையை அரிக்கிறது. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று போவதற்கு நம்மிடம் இருக்கிற வினை இது, ஜெர்மன்காரன் எட்ஸன் என்றபோது என்ன நினைத்தானோ அதற்குப் பக்கத்தில் வேறெந்தத் தமிழ்ச் சொல்லும் இவ்வளவு நெருங்கி நிற்கவில்லை. கத்திக்காரர்களுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: காயை அரிந்தாள் என்கிறபோது வருவதும், அரிவாளிலும் அரிவாள்மனையிலும் இருப்பதும் அரி தான். அரிந்தான் என்றால் வெட்டுவது, அரித்தது என்றால் தின்று தேய்ப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஆனால் ஒலி ஒன்றாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அரிப்பு என்றால் தோல் நமைச்சல் நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்குவார்கள். முன்னால் மின் சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. பாடப்புத்தகங்களில் உலோகம் தானாகக் கெடுவதற்கு அரிமானம் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், நாம் வேண்டுமென்றே செய்கிற வேலைக்கு அரிப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி மின்னரிப்பான் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். அடாப்டரின் பிளஸ் கம்பியை ஒரு கிளிப் வைத்துக் கத்தியில் மாட்டுகிறோம். மைனஸ் கம்பி ஒரு சின்ன உலோகத் துண்டுக்குப் போகிறது, அதன் மேல் பஞ்சோ பருத்தித் துணியோ தடிப்பாகச் சுற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கரைத்ததில் நனைக்க வேண்டும். அரிக்கக் கூடாத இடத்தையெல்லாம் ஸ்டிக்கரால் மூட வேண்டும். வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடையில் கொடுத்தால் எழுத்தை மட்டும் திறந்துவிட்டு அழகாக வெட்டித் தருவார்கள், இல்லையென்றால் நெயில் பாலிஷ் பூசிக் காய்ந்த பிறகு ஊசியால் எழுதலாம். இந்த மூடிக்கு மறைப்பு என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம். பஞ்சை எழுத்தின் மேல் மூன்று நான்கு விநாடி அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்த வேண்டும். பஞ்சு உடனே பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும், கரைந்து வந்த இரும்பின் நிறம் அது. பஞ்சு விலகி உலோகத் துண்டு நேராகக் கத்தியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும், அதனால் சுற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது.

எவ்வளவு அரிக்கும் என்பதை, ஓடிய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப உலோகம் கரையும் என்கிற ஃபாரடே விதியைக் கொண்டு கணக்கிடலாம். 1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் ஓடினால் அதிகபட்சம் 17 மில்லிகிராம் இரும்பு கரையும். எழுத்துகளின் மொத்தப் பரப்பு அரை சதுர செ.மீ. என்றால் ஆழம் 0.04 மி.மீ. சொச்சம் வரும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஆழம் இது, அதற்கு மேல் முத்திரைக்குத் தேவையும் இல்லை. உப்பு எதற்கு என்றால், அது மின்சாரம் ஓட வழி விடுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போவது உப்பிலுள்ள குளோரைடுதான்.

பிளஸ்ஸில் மாட்டிய கத்திக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் நேர்மின்வாய், பஞ்சு சுற்றிய துண்டு எதிர்மின்வாய், உப்புத் தண்ணீர் மின்பகுளி. இடம் மாற்றி மாட்டினால் கத்தி அப்படியே இருக்கும், பஞ்சுக்குள் இருக்கிற துண்டுதான் கரையும். எலெக்ட்ரோடு, ஆனோடு, கேத்தோடு ஆகிய பெயர்களின் வாலில் இருப்பது கிரேக்க ஹோடோஸ், பொருள் வழி. வாய் என்பதற்குத் தமிழில் வாயில், வழி என்ற பொருளும் உண்டு, ஆகவே மின்வாய் என்று மொழிபெயர்த்தவர் மூலத்தை உணர்ந்து செய்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கிரேக்கப் பெயர்களை 1834இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அந்த விதியைச் சொன்ன ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, உதவியது கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அவர் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி தயாரிப்பாளரோடு சேர்ந்து எஃகு ஆராய்ச்சியில் இருந்தார், அவர்கள் ஆராய்ந்ததில் முக்கியமானது தென்னிந்தியாவிலிருந்து போன வூட்ஸ் எஃகு. வூட்ஸ் என்ற பெயரே கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகைக் குறிக்கும் உக்கு என்பதன் திரிபு என்பதுதான் பலரின் கருத்து. அந்த எஃகில் செய்த வாளின் நீரோட்டம் போன்ற வரிகள் பளபளப்பாக்கினால் மட்டும் தெரியாது, அரித்தால்தான் தெரியும். அதற்கு இந்தியாவிலும் பாரசீகத்திலும் பயன்பட்டது இரும்பு சல்பேட், நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கிற அதே உப்பு. பெயர் பதிக்க அரிப்பதும் வரி தெரிய அரிப்பதும் நோக்கத்தில் வேறு, வினை ஒன்றுதான்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. அடாப்டர் தருகிற, ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரத்தில் (டி.சி.) அரித்தால் குழி விழும், ஆனால் எழுத்து வெளிறித்தான் இருக்கும். கறுப்பு வேண்டுமென்றால் கடைசியில் சில விநாடிகள் மாறுமின்சாரம் (ஏ.சி.) கொடுப்பார்கள், திசை மாறி மாறி ஓடும்போது கரைந்த உலோகத்தில் ஒரு பங்கு ஆக்சைடாகக் குழியிலேயே படிந்துவிடுகிறது. இதைக் கறுப்பேற்றுதல் என்று சொல்லலாம். கருக்குதல் வேண்டாம், அரிவாளின் பல்லுக்குக் கருக்கு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மாறுமின்சாரம் என்றதும் யாரும் வீட்டுப் பிளக்கில் நேராகச் சொருகிவிடக் கூடாது, அது உயிரை வாங்கும். 12 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரித்த தண்ணீரில் குரோமியம் கலந்திருக்கும், செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். கார்பன் ஸ்டீல் கத்தியை உப்போடு விட்டால் மறுநாளே அரிமானம் தொடங்கிவிடும்.