கடிதம் கொண்டுபோவது பிள்ளையின் வேலையல்ல

"அந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்ற வாசகத்தை ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிறேன். பாடசாலையொன்றில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை நான். சில வருடங்களுக்கு முன்னர் நானும் அதே வாசகத்தை ஒரு தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன். அது எவ்வளவு தவறானது என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு தவணை தேவைப்பட்டது.

தரம் 8இல் படித்த அவருடைய மகன் காலையில் முதல் இரண்டு பாடவேளைகளிலும் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுவான்; வீட்டுவேலை எதையும் செய்து வருவதில்லை. காலை பத்து மணிக்குப் பாடசாலைக்கு வருமாறு தகப்பனாருக்கு மூன்று கடிதங்கள் எழுதி, மூன்றையும் அவனிடமே கொடுத்தனுப்பினேன். எவரும் வரவில்லை. நான்காவது கடிதத்தை எழுதாமல், ஒருநாள் விடியற்காலையில் நானே கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் கரைக்கு வந்துவிட்டிருந்தன. தகப்பனார் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருக்க, அந்நேரம் பாடசாலைக்கு ஆயத்தமாகியிருக்க வேண்டிய மகனும் பக்கத்தில் குந்தியிருந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தான். "என்ன ரீச்சர், இவ்வளவு தூரம்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவருக்கு நான் எழுதிய கடிதங்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. மூன்றும் புத்தகப்பையின் அடியில் மடிந்து கிடந்தன. தரம் 6இல் படிக்கும்போது அவன் கொண்டுபோய்க் கொடுத்த முதற் கடிதத்துக்கு வீட்டில் இடுப்புப்பட்டியால் அடி விழுந்திருக்கிறது. அதன் பிறகு அவன் எந்தக் கடிதத்தையும் கொடுத்ததில்லை.

"உங்கள் பிள்ளையின் ஒழுக்கம் தொடர்பாக உடன் சமுகமளிக்கவும்" என்று நான் எழுதியிருந்தேன். தனக்கு அடி வாங்கித் தரக்கூடிய காகிதத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கும்படி பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்த்தது என்னுடைய பிழை. அன்றிலிருந்து, பிள்ளையைப் பற்றிய எந்தச் செய்தியையும் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன். பெற்றோருடன் நேரே பேச வேண்டும். அது முடியாதபோது, தொலைபேசியில் அவர்களுடைய குரலைக் கேட்டுப் பேச வேண்டும்.

நேரம் குறிப்பதிலும் நான் தவறியிருந்தேன். இரவு முழுவதும் கடலில் இருந்துவிட்டு வரும் ஒருவருக்குக் காலை பத்து மணி என்பது உறங்கும் நேரம். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் பெற்றோர் கூட்டங்களுக்கான திகதிகளை அலுவலக நாட்காட்டியை மட்டும் பார்த்துக் குறிக்க முடியாது. நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்பதால், பறுவத்தையொட்டிய நாட்களில் வலைத்தொழில் செய்வோர் பலர் கடலுக்குப் போவது குறைவு; கடற்கரைக் கிராமப் பாடசாலைகள் கூட்டம் வைக்க அந்நாட்களே உகந்தவை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் பெரும்போக விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கூட்டம் வைத்தால் கதிரைகள் வெறுமையாகவே கிடக்கும். ஒரே தவணையில் இரண்டு வெவ்வேறு நேரங்களில், ஒன்று காலையிலும் மற்றொன்று மாலையிலுமாக, கூட்டம் வைத்துப் பார்த்தபோது, அதுவரை அம்மாமார் மட்டுமே வந்துபோன எங்கள் வகுப்பறைகளுக்கு அப்பாமாரும் வரத் தொடங்கினார்கள்.

நேரம் இருந்தும் வராத பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களில் பலரை வரவிடாமல் தடுப்பது கூச்சம் என்றே நான் நம்புகிறேன். இன்று தரம் 8, 9 வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் கணிசமானோர், 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோதும் 2006இல் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோதும் தாமே பாடசாலை வயதில் இருந்தவர்கள். சிலருக்குச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. சிலருக்கு அதுவரை கூடப் போகவில்லை. முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலுமாகப் படிப்பு அறுந்துபோன ஒருவருக்கு, அதிபரின் அறை வாசலில் நிற்கும்போது மனம் சுருங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரை நிற்க வைத்துப் பேசுவதும், மற்றப் பெற்றோர் கேட்கப் புள்ளிகளை வாசிப்பதும், நாம் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவரை எதிரே இருத்துவதும், அடுத்த முறை வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இப்போது நான் மேசையின் ஒரே பக்கத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டு, பிள்ளையின் கொப்பியை இருவருக்கும் நடுவில் விரித்து வைத்துக்கொண்டே பேசுகிறேன். கண்கள் கொப்பியில் இருக்கும்போது இருவருக்கும் பேச்சு இலகுவாக வருகிறது.

என்ன பேசுகிறோம் என்பதும் முக்கியமானது. "உங்கட பிள்ளை படிக்கிறதே இல்லை" என்ற பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போகும் பெற்றோரால் அடிப்பதையோ அழுவதையோ தவிர வேறெதையும் செய்ய முடியாது. "வெவ்வேறு பகுதியெண்கள் கொண்ட பின்னங்களைக் கூட்டும்போது தம்பி குழம்புகிறார், நான் செவ்வாய்க்கிழமை திரும்பவும் சொல்லிக்கொடுக்கிறேன், நீங்கள் இரவில் பத்து நிமிடம் அவர் கணக்குச் செய்யும்போது பக்கத்தில் இருந்தால் போதும், விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை" என்று சொன்னால், எழுதப்படிக்கத் தெரியாத தாயாலும் அதைச் செய்ய முடியும். ஒரு சந்திப்பில் ஒரு விடயத்தை மட்டும் பேசுவதே நல்லது. ஐந்து குறைகளைச் சொல்லி அனுப்பினால் ஐந்தும் மறந்து, அவமானம் மட்டுமே நினைவில் நிற்கும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு மற்றதெல்லாம் உரிச்சு எடுங்க ரீச்சர்" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. ஆசிரியர் மீதுள்ள நம்பிக்கையின் வெளிப்பாடாகவே அவர்கள் அதைச் சொல்கிறார்கள் என்பதால் நான் கடிந்துகொள்வதில்லை. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடைசெய்திருப்பதை விளக்கி, "நானும் அடிக்க மாட்டேன், இன்று நான் சொன்னதற்காக நீங்களும் அடிக்கக் கூடாது" என்ற வாக்குறுதியைக் கேட்டு வாங்கிய பின்னரே மற்றதைப் பேசத் தொடங்குகிறேன்.

தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அப்படியொரு மாணவியின் புள்ளிகள் குறைந்தபோது, குவைத்திலிருந்த தாயுடன் நான் நேரடியாக வட்ஸ்அப்பில் பேசினேன். மறுநாள் அம்மம்மா அழுதுகொண்டே பாடசாலைக்கு வந்தார். "நான் பிள்ளையைப் பார்க்கிறதில்லை என்று மகள் ஏசுகிறாள்" என்றார். அந்தப் பிள்ளைக்கு மூன்று வேளையும் சமைத்துக் கொடுத்து, மழைக்காலத்தில் குடை பிடித்துக் கூட்டிவந்த கிழவியை நான் ஒரு தொலைபேசி அழைப்பில் குற்றவாளியாக்கியிருந்தேன். இப்போது முதலில் அம்மம்மாவிடம் பேசுகிறேன். பிறகு அவரும் பக்கத்தில் இருக்கும்போதே தாயை அழைக்கிறேன். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது; அங்கே வீட்டுவேலை முடியவும் பிந்தும். ஆகவே தாய்க்கு எப்போது வசதி என்பதை அம்மம்மா மூலம் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்கிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் வகுப்புக்கு வகுப்பு உருவான வட்ஸ்அப் குழுக்கள் பொது அறிவித்தல்களுக்கு மிகவும் உதவுகின்றன. தனியொரு பிள்ளையின் புள்ளியையோ குறையையோ அங்கே எழுதக்கூடாது. நாற்பது வீடுகள் அதை வாசிக்கின்றன. வாசிக்கச் சிரமப்படுவோருக்குக் குரல்பதிவு எழுத்தைவிட நல்லது.

பெற்றோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பல ஆசிரியர்கள் வெளியூர்களிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படிப்பிக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு அழைத்து "வகுப்பில எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பதைவிட, வீட்டில் நடந்த மாற்றத்தை ஒரு வசனத்தில் முன்கூட்டியே தெரிவிப்பது ஆசிரியருக்குப் பேருதவியாகும். நோய், மரணம், தகப்பனார் வெளிநாடு போனது, வீடு மாறியது போன்றவை பிள்ளையின் முகத்தில் தெரியும். காரணம் தெரியாத ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஒரேயொரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்ற சந்தேகம் எழுந்தால், ஆசிரியர் முதலில் வீட்டை அழைக்கக் கூடாது. அதிபருக்கு அறிவித்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடற்கரையில் நான் சந்தித்த தகப்பனார் மகனை உடனே தொழிலிலிருந்து நிறுத்திவிடவில்லை. மீன் பிடிபடும் நாட்களில் உதவிக்கு வேறு ஆள் வைக்க அவரிடம் காசு இல்லை. பாடசாலை நாட்களில் இயன்றவரை அவனைக் கூப்பிடுவதில்லை என்று மட்டும் ஒத்துக்கொண்டார். இரண்டு கிழமைகள் கழித்து, காலை ஆறே முக்காலுக்கு அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "ரீச்சர், இண்டைக்கு வலை கனக்க இருந்தது, தம்பி நாலு மணிக்கே எழும்பினவன். கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க." அன்று முதற் பாடவேளையில் அவன் தூங்கினான். பாட ஆசிரியரிடம் நான் முன்னரே சொல்லி வைத்திருந்ததால் அவர் அவனை எழுப்பவில்லை. இடைவேளையின்போது தன் மேசைக்கு அழைத்து, விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்.