ஐரோப்பாவுக்கு அனுப்பும் முன் ஈயக்கம்பியின் சுருளைத் திருப்பிப் பாருங்கள்

கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் பம்ப்செட் மோட்டார் செய்து கைபழகிய பட்டறைகள் பல, இப்போது மின்மிதிவண்டிக்கு மோட்டாரும் கன்ட்ரோலரும் செய்து ஐரோப்பிய ஆர்டருக்கு முயல்கின்றன. இவர்களுக்குத் தொழில்நுட்பக் கோப்பு தயாரித்துத் தரும் பொறியாளன் என்ற முறையில் நான் கண்டவரை, வேலை தடைபடுவது பெரும்பாலும் பொருளின் தரத்தால் அல்ல. உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்பதற்கு நம்மிடம் எழுத்து இல்லாததால்தான்.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் சால்டரிங் மேசை மேல் கிடந்த கம்பிச் சுருளைத் திருப்பிப் பார்த்தேன். 60/40 என்று அச்சிட்டிருந்தது; அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். "முழு போர்டு எடையில இது ஒரு துளிதானுங்களே" என்றார் உரிமையாளர். மின், மின்னணுப் பொருள்களில் ஈயம் போன்ற நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் (RoHS) விதி கணக்கிடும் முறை அதுவல்ல. ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, பிரித்தெடுக்கக்கூடிய ஒவ்வொரு சீரான பொருளுக்கும் தனித்தனியே பொருந்தும். எனவே அந்தச் சால்டர் புள்ளி ஒன்றே போதும், சரக்கு முழுவதும் விதிக்குப் புறம்பாகிவிடும். ஈயமில்லாக் கம்பி உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும், பழையதற்கு 190க்குள் போதும் என்பதால், கம்பியை மட்டும் மாற்றினால் போதாது; சூட்டையும் கைப்பழக்கத்தையும் மாற்ற வேண்டும், உள்ளூர் சரக்குக்கான சால்டரிங் முனைகளைத் தனியே பிரித்து வைக்கவும் வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுக்கும் போர்டுகளுக்கும் இது பொருந்தும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிதித்தால் மட்டும் உதவும் மோட்டார், தொடர் திறன் 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டுமுன் உதவி நின்றுவிட வேண்டும். இதற்குள் இருந்தால்தான் ஐரோப்பாவில் அது மிதிவண்டி. நம்மூர் வாடிக்கையாளருக்காக வேக வரம்பை நீக்கும் ஒரு ஒயரை உள்ளே மடித்து வைக்கும் வழக்கத்தை ஏற்றுமதி வண்டியில் அறவே விட்டுவிடுங்கள். வரம்பு மீறினால் அது ஐரோப்பாவின் 168/2013 ஒழுங்குவிதியின்படி வகை ஒப்புதல் (விற்பனைக்கு முன் அந்த மாடலைச் சோதித்துத் தரும் அனுமதி) பெற வேண்டிய மோட்டார் வாகனம்.

எனக்குப் பெரிய கவலை பேட்டரிதான். 2023/1542 எண்ணுள்ள ஐரோப்பிய பேட்டரி ஒழுங்குவிதியின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் மின்மிதிவண்டி, மின்ஸ்கூட்டர் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் கியூஆர் குறியீட்டில் திறக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு, அதாவது அந்த பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு, இருக்க வேண்டும். செல்லை இறக்குமதி செய்து இங்கே பேக்காகக் கட்டுகிறவர், செல்லின் வேதியியல் விவரத்தைத் தன் சப்ளையரிடமிருந்து வாங்காமல் அதை நிரப்பவே முடியாது. சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பிய பிறகு கேட்டால் எந்த சப்ளையரும் அவசரப்பட மாட்டார். ஆகவே, செல்லுக்கான அடுத்த பர்சேஸ் ஆர்டரிலேயே அந்த விவரத்தாளை ஒரு நிபந்தனையாக எழுதி, அது கைக்கு வந்த பிறகே முன்பணம் போக மீதியைக் கொடுங்கள்.