நாலு பேர் குடித்தால் ஊரே குடித்த கணக்கு

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். ராத்திரி விருந்தில் அறுநூறு பேராவது சாப்பிட்டிருப்பார்கள். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றார்கள், அதில் ஒருவன் பந்திக்குள் வந்து சாம்பார் வாளியைத் தட்டிவிட்டு மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் சண்டைக்கும் போனான். மறுநாள் டீக்கடையில் "ஒரே குடிகாரக் கல்யாணம்ப்பா" என்று பேச்சு. இலையை மடித்துவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் பஸ் ஏறிப் போன அத்தனை பேரும் யார் கணக்கிலும் வரவில்லை.

கல்லூரிக் குடியிலும் இதே கணக்குப் பிழை இருக்கிறது என்று காட்டி, அதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் வெஸ்லி பெர்கின்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர். நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற சின்ன ஊரில், ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகளில் பேராசிரியராக இருந்தவர். ஆலன் பெர்கோவிட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1986இல் அவர் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் கேட்டது எளிமையானது: குடியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், மற்ற மாணவர்கள் என்ன நினைப்பதாக உனக்குத் தோன்றுகிறது? பெரும்பாலானவர்கள் தங்களைப் பற்றி மிதமாகத்தான் சொன்னார்கள். ஆனால் மற்றவர்களெல்லாம் குடி விஷயத்தில் தாராளப் பேர்வழிகள் என்று நம்பினார்கள். அப்புறம் 2005இல் 130 கல்லூரிகளில் சுமார் 76,000 மாணவர்களிடம் எடுத்த கணக்கிலும், சக மாணவர்கள் குடிக்கும் அளவைக் கூட்டி மதிப்பிட்டவர்கள்தான் அதிகம்.

கூட்டி மதிப்பிட்டால் என்ன, போகட்டும் என்று விட முடியாது. என் அக்கா மகன் திருவாரூரில் படித்தபோது ஐந்து பேராக காரைக்கால் போனார்கள். தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். புதுச்சேரி ஆட்சிக்குள் இருக்கும் காரைக்காலில் 18 போதும், விலையும் குறைவு. ஐந்து பேரில் குடிக்க ஆசைப்பட்டது இரண்டு பேர். இவன் கடற்கரை இருட்டில் வெறும் செவன் அப்பை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறான். இன்னொருவன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை மணலில் ஊற்றியிருக்கிறான். ஆனால் மறுநாள் மெஸ்ஸில் சொன்ன கதை, "அஞ்சு பேரும் மட்டை." யாரும் மறுக்கவில்லை, மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வரும். அதைக் கேட்ட முதலாண்டுப் பையன், கல்லூரி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வான், அடுத்த முறை டம்ளரை நீட்டினால் வாங்கியும் கொள்வான். குடிக்காதவன் வாய் திறக்காததால்தான் அந்தப் பொய்க்கணக்கு ஓடுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1993இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் மாணவர்கள் ஒரு செமஸ்டருக்குள்ளேயே தங்கள் சொந்தக் கருத்தை இந்தக் கற்பனைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். பெண்கள் அப்படி நகரவில்லை.

பெர்கின்ஸ் சொன்ன வைத்தியம், உண்மையான கணக்கை எடுத்து மாணவர்களிடமே சொல்லிவிடுவது. பயமுறுத்தல் கிடையாது, கெட்டுப்போன கல்லீரல் படம் கிடையாது. இங்கே நாம் செய்வது நேர் எதிர். ஜூன் 26, போதைப்பொருள் எதிர்ப்பு நாள் வந்தால் பேனர் பிடித்து ஊர்வலம், மேடையில் "இன்றைய மாணவ சமுதாயமே குடியில் மூழ்கிக் கிடக்கிறது" என்று ஒரு முழக்கம். கேட்கிற பையன் மனதில் என்ன பதியும்? எல்லாரும் குடிக்கிறார்கள் என்பதுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவர். மற்ற மூன்று பேரைப் பற்றி எந்த மேடையிலும் பேசி நான் கேட்டதில்லை.

சரி, இந்த வைத்தியம் பலிக்கிறதா? வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹெய்ன்ஸ் இதை வருடக்கணக்கில் செய்து, அளவு மீறிக் குடிப்பது நன்றாகக் குறைந்ததாகக் காட்டினார். ஹார்வர்டில் ஹென்றி வெக்ஸ்லர் குழு 2003இல் பல கல்லூரிகளை ஒப்பிட்டு, பலன் எதுவும் தெரியவில்லை என்றது. 2015இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டுப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பாய்வும் பலன் மிகச் சிறியது என்றே முடித்தது. எனக்குத் தோன்றுவது, கணக்குப் பிழை இருப்பது உறுதி, ஆனால் அதைத் திருத்தினால் மட்டும் குடி நின்றுவிடாது. தினமும் குடிக்காமல் இருக்க முடியாதவனுக்கு வேண்டியது போஸ்டர் இல்லை, டாக்டர். இன்னொரு சிக்கலும் உண்டு: "சராசரி மாணவன் இரண்டு கிளாஸ்" என்று எழுதி ஒட்டினால், ஒன்றோடு நிறுத்துகிறவன் இரண்டுக்குப் போகக்கூடும்.

டெல்டாவில் ஒரு கல்லூரி இதைச் செய்து பார்க்க நினைத்தால், முதல் தடங்கல் கணக்கு எடுப்பதிலேயே வரும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மடித்த சீட்டை வாங்கிக்கொள்ள வகுப்பு வாசலில் துறைத் தலைவரே நின்றால் எவன் உண்மையை எழுதுவான்? கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாரே.