தூசி என்று நினைத்து நெருப்பை அழித்துவிடாதீர்கள்

பழைய படச்சுருள்களைப் புதுப்பிக்கும் வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஸ்கேன் ஆகி வரும் படத்தில் தூசியையும் கீறலையும் பிரேம் பிரேமாக எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. சென்னையில் உட்கார்ந்தபடியே பல நாட்டுப் படங்கள் எங்கள் கை வழியாகப் போகும். சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்குக் கொடுத்தது 1980களில் குறைந்த செலவில் எடுத்த ஓர் இத்தாலியப் போர்ப்படத்தின் நான்காவது ரீல். பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது.

காட்டுக்குள் ஒரு சிப்பாய் மெஷின்கன்னை இடுப்போடு அணைத்துச் சுட்டபடி ஓடி வருவான். ஷாட் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தூசி. தானாகத் தூசி எடுக்கும் வடிகட்டியைக் கொஞ்சம் கூட்டி வைத்து, ராத்திரி முழுக்கக் கணினியே செய்துமுடிக்கட்டும் என்று ரெண்டர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அப்படியே அனுப்பினேன். சாயங்காலம் எங்கள் மூத்தவர் கூப்பிட்டு அந்த ஷாட்டை ஓட்டிக் காட்டினார். "தம்பி, இவன் சுடுறான்ல? நெருப்பு எங்கே?"

குழல் முனையில் தீயே இல்லை. துப்பாக்கி அதிர்கிறது, காலித் தோட்டாக் குப்பிகள்கூட ஒன்றிரண்டுதான் பறக்கின்றன. மிச்சத்தை நான் அழித்திருந்தேன்.

அது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால், இன்றைக்கு 'புதுப்பிக்கப்பட்ட பதிப்பு' என்று வெளிவரும் எந்தப் படத்தையும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் அதற்கு முந்தின பிரேமோடும் அடுத்த பிரேமோடும் வைத்துப் பார்க்கும். நடுவில் இருக்கும் பிரேமில் மட்டும் ஒரு புள்ளி இருந்து, இரண்டு பக்கமும் அது இல்லை என்றால், தூசி என்று முடிவு கட்டிவிடும். பக்கத்துப் பிரேமிலிருந்து அந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டிவிடும். தூசி உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும், வினாடிக்கு 24 பிரேமில் ஏதோ ஒன்றில். ஆனால் வெற்றுத் தோட்டா கக்கும் தீயும் அதே மாதிரிதான். அது சில மில்லி வினாடி மட்டுமே இருக்கும். கேமராவின் ஷட்டரோ ஏறக்குறைய பாதி நேரம் மூடியிருக்கும், அதனால் சில தீ பதிவாகவே ஆகாது. பதிவானாலும் பெரும்பாலும் ஒரே ஒரு பிரேம். நிறமும் காட்டிக்கொடுக்காது. நெகட்டிவில் ஒட்டிய தூசி, திரையில் வெள்ளையாகத் தெரியும். தீயும் வெள்ளை.

துப்பாக்கித் தீ மட்டும் இல்லை, வெடிப்பில் தெறிக்கும் மண், மழைத்துளி, வானத்தில் குறுக்கே போகும் பறவை எல்லாமே மென்பொருளுக்குத் தூசிதான். இரண்டு பேர் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசும் படத்தில் இதனால் பெரிய சேதம் வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கும் படத்தில் உயிரே போய்விடும்.

இந்தப் படங்களின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1978இல் 'தி டீர் ஹண்டர்', 1979இல் 'அபொகலிப்ஸ் நௌ'. இரண்டும் வியட்நாம் போர்ப் படங்கள். அவை உலகம் முழுக்க ஓடியதும், இத்தாலியத் தயாரிப்பாளர்கள் வியட்நாம் பக்கம் திரும்பினார்கள். 'தி டீர் ஹண்டர்' படத்துக்கு இத்தாலியில் 'வேட்டைக்காரன்' என்று பெயர். அந்தோனியோ மார்கெரிட்டி 1980இல் எடுத்த படத்துக்குப் பெயர் 'கடைசி வேட்டைக்காரன்'. வியட்நாமுக்குப் பதில் பிலிப்பைன்ஸ் போனார்கள். 'அபொகலிப்ஸ் நௌ' இயக்கிய கொப்போலாவே அங்கேதான் எடுத்திருந்தார். காடு, ஆறு, மூங்கில் குடிசை எல்லாம் அங்கே கிடைத்தது, கூலியும் குறைவு. இந்த வகைக்கு ரசிகர்கள் 'மாக்கரோனி காம்பாட்' என்று பெயர் வைத்தார்கள். இயக்குநர்களும் ஆங்கிலப் பெயர் போட்டுக்கொண்டார்கள். மார்கெரிட்டி, அந்தோனி எம். டாசன் ஆனார். புரூனோ மட்டேய், வின்சென்ட் டான் ஆனார்.

மட்டேய் எடிட்டராக இருந்து இயக்குநர் ஆனவர். அது எங்களுக்கு முக்கியமான தகவல். இந்த மாதிரிப் படங்களில் வேறு படத்துக்கோ ஆவணப்படத்துக்கோ எடுத்த துண்டுகளைச் சேர்த்துக்கொள்வது சகஜம். அப்படி வரும் துண்டு பிரதியிலிருந்து எடுத்த பிரதியாக இருக்கும். கிரெய்ன், அதாவது படச்சுருளின் இயல்பான பொடிப்பொடிப் புள்ளிகள், கரடுமுரடாக இருக்கும், கறுப்பு இன்னும் கறுப்பாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்ததும் பக்கத்து ஷாட்டோடு சமமாக்கப் பார்ப்பார்கள். நான் தடுப்பேன். அந்த முரடு அந்த ஷாட்டின் பிறப்புச் சான்றிதழ். படம் எப்படி ஒட்டுப்போட்டுத் தைக்கப்பட்டது என்று அதை வைத்துத்தான் நாளைக்கு ஒருவர் கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம் மினியேச்சர், அதாவது நிஜத்துக்குப் பதில் கட்டும் குட்டி மாதிரி. மார்கெரிட்டியின் படங்களை நான் நேசிப்பதே இதற்காகத்தான். நிஜப் பாலத்தை வெடிக்கப் பணம் இல்லாதவர், மேசை உயரத்துக்குப் பாலம் கட்டி வெடித்தார். 1984, 1985, 1988 ஆகிய வருடங்களில் நடிகர் லூயிஸ் காலின்ஸை வைத்து அவர் எடுத்த மூன்று கூலிப்படைப் படங்களிலும் மினியேச்சர் வேலை கொட்டிக் கிடக்கிறது. 1984 படத்தில் ஒரு சுரங்கப்பாதைக் கார் துரத்தல் வரும். கார் சுவரில் ஏறி ஓடும். பொம்மைக் கார் என்று தெரியும், ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

மினியேச்சரை நம்ப வைப்பது வேகம். பதினாறில் ஒரு பங்கு அளவில் கட்டிய பாலம் நிஜப் பாலம் போல மெதுவாக விழ வேண்டும் என்றால், 16இன் வர்க்கமூலம் 4, ஆக 24ஐ நாலால் பெருக்கி வினாடிக்கு 96 பிரேமில் எடுக்க வேண்டும். தண்ணீரும் நெருப்பும் மட்டும் கணக்குக்கு அடங்காது. துளி எப்போதும் துளி அளவிலேயே இருக்கும். அதை மறைக்கப் புகை, குறைந்த வெளிச்சம், கிரெய்ன் எல்லாம் உதவின. கிரெய்னைத் துடைத்து, மேலே கூர்மையையும் ஏற்றினால் பாலம் ஒரே நொடியில் அட்டையாகிவிடும். அப்போது பார்வையாளர் "மட்டமான படம்" என்பார். மட்டமானது நம்முடைய புதுப்பிப்பு.

ஒருமுறை ஓர் உரிமையாளர் தரப்பிலிருந்து, ஹெலிகாப்டர் மினியேச்சரைத் தாங்கும் கம்பி தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்று கடிதம் வந்தது. எங்களுக்குள்ளேயே இரண்டு நாள் வாக்குவாதம். கம்பியை எடுத்துவிடலாம் என்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. திரையரங்குக்குப் போன பிரின்ட் பெரும்பாலும் நெகட்டிவிலிருந்து இரண்டு மூன்று தலைமுறை தள்ளிய பிரதி, ஒவ்வொரு தலைமுறையிலும் நுணுக்கம் தேயும். அந்தக் கம்பி அன்றைய ரசிகர் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது. நாங்கள் மூல நெகட்டிவை 4கே என்னும் மிக நுணுக்கமான தரத்தில் ஸ்கேன் செய்ததால் வெளியே வந்துவிட்டது. கடைசியில் ஒரு பழைய பிரின்ட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதில் இருந்த இருட்டுக்கு அந்த ஷாட்டின் நிறத்தைக் கொண்டுவந்தோம். கம்பி முக்கால்வாசி தானாக அடங்கிவிட்டது. மிச்சம் இருந்ததை நான் தொடவில்லை. ஒருவர் கையால் கட்டிய கம்பி அது, காலம் ஏற்றிய அழுக்கு அல்ல. அறிக்கையில் ஷாட் எண்ணோடு எழுதியும் வைத்தேன்.

ஒலி பற்றி ஒன்று. "உதட்டசைவு ஒட்டவில்லை, சரி செய்யுங்கள்" என்று கேட்பார்கள். இத்தாலியில் அன்று வசனத்தைப் பெரும்பாலும் பிறகுதான் பதிந்தார்கள். இத்தாலியர் இத்தாலியனிலும் வெளிநாட்டு நடிகர் ஆங்கிலத்திலும் பேசி நடித்த ஒரே காட்சிக்கு முழுசாக ஒட்டும் மொழி எதுவும் கிடையாது. இழுத்துச் சரிசெய்யப் போனால், இருக்கிற டப்பிங்கும் கெடும்.

பழைய படத்தின் உரிமை உங்கள் கையில் இருந்தால், புதுப்பிக்கக் கொடுக்கும்போது ஸ்கேனரில் அகச்சிவப்பு வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வண்ணப் படத்தின் சாயத்தை அகச்சிவப்பு ஒளி ஊடுருவிப் போய்விடும், தூசியும் கீறலும் மட்டும் நிழலாக நிற்கும். துப்பாக்கித் தீ சாயத்தால் ஆனது என்பதால் அது தூசிக் கணக்கில் வராது. நான் அன்று அழித்தது போன்ற தவறு அங்கே பெரும்பாலும் நடக்காது. இருந்தாலும் பிரதியெடுக்கும்போதே பதிந்துபோன தூசியை இது காட்டாது, அங்கே மனிதக் கண்தான் வேண்டும். 90 நிமிடப் படத்தில் 1,29,600 பிரேம். இத்தனை நாளில் முடித்துக் கொடு என்று நெருக்கினால் வடிகட்டியைக் கூட்டி வைப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியே இருக்காது. சுத்தம் செய்யாத மூல ஸ்கேனையும் தனி வட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் தவறைத் திருத்த அது ஒன்றுதான் வழி.

பார்க்கிறவர்கள் துப்பாக்கிச் சண்டையில் நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். தீ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், புகையில் சதுரமான ஓட்டை தெரியும், முகம் மெழுகு பூசியது போல இருக்கும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் வெளியிட்டவர்களுக்கு எழுதுங்கள். எழுதியதால் வேலையைத் திரும்பச் செய்த சம்பவங்கள் உண்டு, நானே செய்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது நம் ஊர்த் தயாரிப்பாளர் குடும்பங்களுக்கு. அந்த இத்தாலியப் படத்தின் ஒலி எங்களிடம் வந்தபோது, டப்பாவைத் திறந்ததுமே காடி வாடை முகத்தில் அடித்தது. அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த சுருள் சிதைந்து அசிட்டிக் அமிலம் கக்கும் வாடை அது. வெறும் படச்சுருளைவிடக் காந்த ஒலிச்சுருளில் இது சீக்கிரம் வரும், அதில் பூசிய இரும்பு ஆக்சைடு சிதைவை வேகப்படுத்தும். ஒருமுறை கிளம்பினால் வெளிவரும் அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும், பக்கத்து டப்பாவையும் தொற்றும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் கிடங்கில் கிடக்கும் 80களின் தமிழ்ப்பட ஒலிச்சுருள்களுக்கும் இதே கதிதான்.

டப்பாவை ஒன்றொன்றாகத் திறந்து மோந்து பாருங்கள். அமிலம் கண்டால் நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும் சோதனைத் தாள் கிடைக்கிறது, ஒரு நாள் உள்ளே வைத்தால் நிலைமை தெரிந்துவிடும். வாடை வந்த சுருளைப் மூவியோலா என்னும் பழைய எடிட்டிங் இயந்திரத்தில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய சுருள் பற்களில் கிழியும். அன்றைக்கே மற்ற டப்பாக்களிலிருந்து தள்ளி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, முதலில் அதை ஸ்கேனுக்குக் கொடுங்கள். ஸ்கேன் முடிந்த பிறகு நெகட்டிவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.